எட்டு நாள் சாவி: பழைய கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், தேக்குத் தூண்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள் ஆகியவற்றுக்கு நடுவே சுவர்க் கடிகாரங்களும் தொங்கும். பல ஓடாமல் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தைக் காட்டும். வாங்க வருகிறவர் முதலில் பெட்டியின் மரத்தைப் பார்க்கிறார், பிறகு டயலை, பிறகு விலையை. கதவைத் திறந்து உள்ளே இருக்கும் மெஷினைப் பார்ப்பவர்கள் குறைவு. ஏமாற்றம் தொடங்குவது அங்கேதான்.

வீட்டு அழகுக்காகத்தான் வாங்குகிறோம், ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அது சரியான வாதம் அல்ல. பெண்டுலம் அசைவதும், அரை மணிக்கு ஒரு தட்டு, மணிக்கு மணி அடிப்பதும் சேர்ந்ததுதான் அந்தப் பொருளின் அழகு. நின்றுபோன கடிகாரத்தை வீட்டில் மாட்டக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை ஏற்காதவர்களுக்கும் அந்த அறிவுரை பயன்படும். ஓடுகிற கடிகாரத்தை, அல்லது ஓட வைக்க முடிகிற கடிகாரத்தை மட்டுமே வாங்க வேண்டும். அதற்கு உள்ளிருந்து வெளியே பார்க்கப் பழக வேண்டும்: முதலில் மெஷின், அடுத்து டயலும் முள்ளும், கடைசியில் பெட்டி.

கடைக்காரர்கள் 'ஆன்ட்டிக்', 'விண்டேஜ்' என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக 100 ஆண்டு கடந்த பொருளே ஆன்ட்டிக். அதற்குப் பிந்தைய, ஆனால் ஒரு காலகட்டத்தின் அடையாளம் தெளிவாகத் தெரிகிற பொருள் விண்டேஜ். தாத்தா கல்யாணத்துக்கு வந்த 1950களின் கடிகாரம் விண்டேஜ். ஆன்ட்டிக் என்ற சொல்லுக்காக அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதே நேரம், விண்டேஜ் என்பதால் அதைக் குறைத்து மதிக்கவும் வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படும் பழைய சுவர்க் கடிகாரங்களில் பல மூன்று நாடுகளிலிருந்து வந்தவை: அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான். இந்த மூன்றின் கதை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அமெரிக்கக் கதை கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈலை டெர்ரி என்பவர், ஒரு கடிகாரத்தின் பல்சக்கரத்தை எடுத்து இன்னொன்றில் பொருத்தினாலும் ஓடும்படி, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் மரச் சக்கரங்களைச் செய்து காட்டினார். அதன்பின் சான்சி ஜெரோம் மரத்துக்குப் பதிலாகப் பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்தார். கடிகாரம் மிக மலிவானது. 1842இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலில் சரக்கு அனுப்பியபோது, இவ்வளவு குறைந்த விலை உண்மையாக இருக்க முடியாது, வரியை ஏய்க்க விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று சுங்க அதிகாரிகள் சந்தேகித்தார்கள். அந்நாட்டுச் சட்டப்படி, அறிவித்த விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சரக்கைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஜெரோமுக்கு அது உடனடி விற்பனை. அவர் அடுத்த சரக்கை அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது சரக்கு வந்தபோதுதான் விலை உண்மை என்று புரிந்து விட்டுவிட்டார்கள். ஜெரோம் தன் நினைவுக் குறிப்பில் எழுதிய செய்தி இது. பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த கடிகாரம் நடுத்தர வீட்டுச் சுவருக்கு வந்தது இப்படித்தான்.

அந்த வரிசையில் வந்த பெயர்கள்தான் சேத் தாமஸும் ஆன்சோனியாவும். எண்கோணச் சட்டத்துக்குள் வட்ட டயல், அதன் கீழே சின்னக் கண்ணாடிக் கதவுக்குள் பெண்டுலம் என்று பழைய பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் பார்த்த வடிவம் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பரப்பியது. சேத் தாமஸ் கடிகாரத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தில் 'பிளிமத் ஹாலோ' என்று இருந்தால் அது 1860களின் நடுப்பகுதிக்கு முந்தையது. 'தாமஸ்டன்' என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. முதலாளியின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். ஆன்சோனியாவின் முத்திரை, சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'ஏ'. 1929இல் அந்த நிறுவனம் நொடித்துப்போய்த் தன் இயந்திரங்களைச் சோவியத் அரசின் வணிக நிறுவனத்துக்கு விற்றது. அவை மாஸ்கோவுக்குப் போயின. பின்னாளில் வேறொருவர் அதே பெயரில் கடிகாரம் விற்றார். ஆகவே பெயரை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யக் கூடாது.

ஜெர்மனியில் கருங்காட்டுப் பகுதியின் ஷ்ராம்பெர்க் என்ற சிற்றூரில் 1861இல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் தொடங்கிய பட்டறை, அமெரிக்க முறையைக் கற்றுக்கொண்டு 1903இல் உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலை ஆனது. 3,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். நட்சத்திரத்துக்குள் 'ஜே' எழுத்து அதன் முத்திரை. அதே ஊரில் இருந்த ஹாம்பர்க் அமெரிக்கன் நிறுவனத்தின் முத்திரை குறுக்கே வைத்த இரண்டு அம்புகள். இவற்றைவிட உயர்வாக மதிக்கப்படுவது குஸ்தாவ் பெக்கர். ஊர் சிலேசியாவின் ஃப்ரைபுர்க். இன்று அது போலந்தில் இருக்கிறது. பெக்கர் மெஷினின் பின்தகட்டில் வரிசை எண் பொறித்திருப்பார்கள். 10 லட்சம் என்ற எண்ணை 1892 வாக்கில் தொட்டார்கள் என்பதால், எண்ணைப் பார்த்தே கடிகாரம் பிறந்த காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நீளமான பெட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி, உச்சியில் கடைசல் வேலை, உள்ளே பித்தளை எடைகளோ பெரிய பெண்டுலமோ தெரிகிற 'வியன்னா ரெகுலேட்டர்' வடிவத்தில் பெக்கரின் கை தேர்ந்தது. உயரமான கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் இல்லை.

ஜப்பானில் 1892இல் கின்டாரோ ஹட்டோரி தொடங்கிய செய்கோஷா முதலில் செய்தது சுவர்க் கடிகாரம்தான். பின்னாளில் செய்கோ ஆனது அதுவே. அமெரிக்க வடிவங்களைப் பின்பற்றினாலும் செய்கோஷாவின் மெஷின் உறுதியானது. பெயருக்காக ஜெர்மனியைத் துரத்துகிறவர்கள் இதை ஒதுக்குகிறார்கள். அதனால் நல்ல பொருள் நியாயமான விலையில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

டயலில் உள்ள பெயர் பல சமயம் செய்தவருடையது அல்ல, விற்றவருடையது. மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த பி. ஆர் அண்டு சன்ஸ், கல்கத்தாவின் ஆங்கிலோ ஸ்விஸ் வாட்ச் கம்பெனி போன்ற விற்பனையாளர்கள் வெளிநாட்டுக் கடிகாரங்களை இறக்கித் தங்கள் பெயரை டயலில் போட்டு விற்றார்கள். அப்படிப்பட்ட கடிகாரத்தைச் செய்தது யார் என்பது உள்ளே மெஷினின் பின்தகட்டில்தான் தெரியும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய டயல் கெட்டுப்போனால் அதே பெயரை அச்சடித்த புதுக் காகித டயலை ஒட்டிவிடுவது இந்தியச் சந்தையில் சாதாரணம். நூறு வயதுப் பெட்டிக்குள் பால் போல வெளுத்த டயல் இருந்தால், அதை மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சளித்த, ஓரம் மங்கிய, எனாமலில் முடி போல விரிசல் விழுந்த டயலைக் குறையாக நினைக்க வேண்டாம். அதுதான் கடிகாரத்தோடு பிறந்தது. அதைத் திரும்ப வண்ணம் பூசிப் 'புதுசாக்கி' தருகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ரோமன் எண் டயலில் நான்கைக் குறிக்க நான்கு கோடுகள் போட்டிருப்பதைப் பார்த்துப் போலி என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, கடிகார டயல்களில் அதுதான் நெடுங்காலப் பழக்கம்.

உண்மையான சோதனைகள் வேறு. ஒரு சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறி போலத் தலையில் வெட்டு உள்ள திருகாணி அமெரிக்காவில் 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1880 என்று சொல்லும் கடிகாரத்தில் அது இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒரு கீல் மாற்றியது பெரிய குற்றமில்லை, பேரத்தில் அதைச் சொல்லலாம். மெஷினைப் பெட்டியோடு பிணைக்கும் திருகாணிகளே அப்படியென்றால், இந்த மெஷின் இந்தப் பெட்டிக்கு உரியதா என்று கேட்க வேண்டும். பின்பலகையில் பயன்படாத பழைய துளைகள் இருந்தால் வேறொரு மெஷின் அங்கே இருந்திருக்கிறது. சாவித் துளையும் டயல் துளையும் நேர்கோட்டில் ஒத்துவராவிட்டாலும் அதே கதைதான். பின்னால் பிளைவுட் இருந்தால் அந்தப் பலகையாவது புதிது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டன் 1887இல் கொண்டுவந்த வணிகக் குறிகள் சட்டமும், அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டன. அந்த முத்திரை உள்ள கடிகாரத்தை 1850 என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ரயில்வே கடிகாரம் என்று சொல்லி விற்பவற்றில் இன்னும் கவனம் தேவை. 'விக்டோரியா ஸ்டேஷன், லண்டன்' என்ற பெயரோடு 1747 என்ற ஆண்டையும் அச்சடித்த, சுவரிலிருந்து கை நீட்டித் தொங்கும் இரண்டு முக உலோகக் கடிகாரங்கள் எங்கும் கிடைக்கின்றன. விக்டோரியா நிலையம் திறந்தது 1860இல். 1747இல் உலகில் எங்கும் பயணிகள் ரயிலே ஓடவில்லை. விக்டோரியா மகாராணி பிறக்கவும் இல்லை. அலங்காரப் பொருள் என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்கினால் தவறில்லை. பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது. நம் ஊர்ப் பெயர்களுக்கும் இதே கணக்குதான். மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே உருவானது 1908இல். அதன் பெயரைப் போட்டு 1890 என்று எழுதியிருந்தால், அந்த டயல் பிற்காலத்தில் யாரோ எழுதியது.

உண்மையான 1890களின் ரயில்வே கடிகாரம் கையில் கிடைத்தால் அது பெரும் பேறு. அன்று இந்திய ரயில்வேக்களின் பொது நேரம் மதராஸ் வானியல் ஆய்வு நிலையம் கணித்த மதராஸ் நேரம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று ஆனபோது, அந்தக் கடிகாரங்களின் முள்ளைச் சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடவில்லை.

அடுத்தது காது. கடையில் கடிகாரத்தை நேராக மாட்டச் சொல்லி, சாவி கொடுக்கச் சொல்லி, கால் மணி நேரமாவது நின்று கேட்க வேண்டும். 'டிக்', 'டாக்' என்ற இரண்டு ஓசைக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்' என்று நொண்டினால், பெரும்பாலும் கடிகாரம் சாய்ந்து தொங்குகிறது என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய கடிகாரம் அரை மணியில் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணம் இதுதான். பெட்டியைக் கொஞ்சம் இடமோ வலமோ நகர்த்தி ஓசை சமமானதும், அந்த நிலையைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. ரசமட்டம் காட்டும் நேர்க்கோட்டைவிட இங்கே காதுதான் நம்பகமானது.

டயலில் இரண்டு சாவித் துளைகள் இருந்தால் பொதுவாக வலது துளை நேரத்துக்கு, இடது துளை மணிக்கு. மூன்று துளை இருந்தால் கால் மணிக்கு ஒரு தடவை இசைக்கும் வகை. இரண்டு சாவியும் முழுதாகச் சுற்றுகிறதா, சுற்றும்போது பிடித்து நிற்கிறதா, நழுவுகிறதா என்று பாருங்கள். பின் பெரிய முள்ளை மெதுவாக முன்னோக்கி மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்க விடுங்கள். மணி ஓசை எப்படி என்பது தனி விஷயம். கம்பிச் சுருளில் அடிக்கிற பழைய கடிகாரத்தின் ஒலி ஆழமாக இருக்கும், நெடுநேரம் கரையாமல் நிற்கும். தண்டுகளில் அடிக்கும் பிந்தைய வகையில் இரண்டு சுத்தியல் சேர்ந்து 'பிம் பாம்' என்று இனிமையாக ஒலிக்கும். மணியின் எண்ணிக்கை முள்ளோடு ஒத்துவராவிட்டால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பல அமெரிக்கக் கடிகாரங்களில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம், முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போகும். மணி ஸ்பிரிங் ஒருமுறை தீர்ந்துபோனால் வரிசை மாறிவிடும். தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சரி செய்துவிடுவார்.

'சாவியை அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள், அதனால் நின்றுவிட்டது' என்று கடைக்காரர் சொன்னால் அது சரியான காரணம் அல்ல. முழுதாகச் சாவி கொடுப்பதால் கடிகாரம் நிற்பதில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகி, தூசியோடு சேர்ந்து அச்சுகளைப் பிடித்திருக்கும். அல்லது அச்சுத் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். டார்ச்சை அடித்து, பித்தளைத் தகட்டின் துளைகளைச் சுற்றிக் கருப்புப் பசை இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். முதல் குறைக்குக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். இரண்டாவதற்குத் துளைகளுக்குப் புது புஷ் அடிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

இனி, வீட்டில் எங்கே, எது?

பல அபார்ட்மென்ட் வீடுகளில் தரையிலிருந்து கூரை ஒன்பதரை, பத்து அடிதான். 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்று சொல்கிற ஆளுயரக் கடிகாரம் பொதுவாக ஆறடிக்கு மேல் இருக்கும். அதன் உயரத்துக்கு அலங்காரம் காரணம் இல்லை. ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் சுமார் 99.4 சென்டிமீட்டர், அதுவும், எட்டு நாள் இறங்க வேண்டிய எடைகளும், டயலும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். 1876இல் ஹென்றி கிளே வொர்க் எழுதிய ஓர் அமெரிக்கப் பாடல் பிரபலமானதிலிருந்துதான் அதற்கு 'தாத்தா கடிகாரம்' என்ற பெயர் நிலைத்தது. தாழ்ந்த கூரை உள்ள ஹாலில் அது அறையையே அடைத்துக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்கக் கூடியது செட்டிநாட்டுக் கூடம் போன்ற உயர்ந்த முற்றத்து வீடு.

ஃபிளாட்டுக்கு எண்கோணச் சுவர்க் கடிகாரமோ சிறிய ரெகுலேட்டரோ போதும். வாங்கும் முன் கடிகாரத்தின் உயர அகலத்தை அளந்து, அதே அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, சில நாள் போகவர அதைப் பாருங்கள். பெரிதா, சிறிதா, தாழ்வா என்பது தானே புலப்படும். டயலின் நடுப்பகுதி நின்றிருப்பவரின் கண் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கலாம். சாவி கொடுக்க ஸ்டூல் தேட வேண்டிய உயரத்தில் மாட்டினால், சில வாரத்தில் சாவி கொடுப்பது நின்றுவிடும். கருத்த தேக்கு, வால்நட் பெட்டிகளுக்கு வெளிர்ச் சுவர் வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை, மங்கிய மஞ்சள், சாம்பல் கலந்த பச்சை எல்லாம் ஒத்துவரும். பூப்போட்ட வால்பேப்பர் மேல் செதுக்கு வேலை உள்ள கடிகாரத்தை மாட்டினால் இரண்டுமே தெரியாமல் போகும். ஒரு சுவருக்கு ஒரு கடிகாரம் என்பதே நல்ல ரசனை. அதைச் சுற்றிக் குடும்பப் படங்களையும் பிளாஸ்டிக் மாலைகளையும் நிரப்பினால் கடிகாரத்துக்கு மரியாதை இல்லை.

ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு நேரம் தெரியாது. வெயில் விழுந்தால் பாலிஷ் வெளுத்து மரம் வெடிக்கும். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், ஏசி காற்று நேரடியாக அடிக்கும் இடம், சமையலறை எண்ணெய்ப் புகை போகும் வழி ஆகிய மூன்றும் ஆகாது. வெப்பம் பெண்டுலத்தையும் தொடும். எஃகுத் தண்டு கொண்ட பெண்டுலம் 10 டிகிரி வெப்பம் ஏறினால் நீண்டு, நாளுக்குச் சுமார் 5 விநாடி பின்தங்கும். மரம் நீள்வாக்கில் மிகக் குறைவாகவே நீளும் என்பதால்தான் நல்ல ரெகுலேட்டர்களில் மரத்தண்டு வைத்தார்கள். கோடையில் கடிகாரம் மெதுவானால் குண்டின் அடியில் உள்ள திருகைக் கொஞ்சம் சுற்றிக் குண்டை ஏற்ற வேண்டும். வேகமாக ஓடினால் இறக்க வேண்டும்.

ஓசையை யோசிக்காமல் வாங்கிப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. மணியடிக்கும் கடிகாரம் படுக்கையறைக்கு வேண்டாம். ஹாலில் மாட்டினாலும், படுக்கையறைக்கும் ஹாலுக்கும் பொதுவான சுவரில் மாட்டாதீர்கள். மெல்லிய தடுப்புப் பலகை டிக்டாக்கைப் பெரிதாக்கும். செங்கல் சுவர் அடக்கும். எடையைத் தாங்கவும் செங்கல் சுவரில் அடித்த நல்ல ஆணியோ திருகோதான் நம்பிக்கை.

பரிசுக்கு ஏற்றதாகத் தோன்றும் சில வகைகளில் எச்சரிக்கை தேவை. கண்ணாடிக் குடுவைக்குள் நான்கு பித்தளை உருண்டைகள் மெல்லச் சுழலும் '400 நாள்' கடிகாரம் பார்க்க மிக அழகானது. ஆனால் அந்த உருண்டைகள் தொங்குவது தலைமுடி அளவுள்ள உலோக நாடாவில். குழந்தைகள் ஓடும் வீட்டில் அலமாரி அதிர்ந்தாலே நின்றுவிடும். கருங்காட்டுக் குயில் கடிகாரத்துக்கு, பைன் காய் வடிவ எடைகள் இறங்கக் கீழே வெற்றிடம் வேண்டும்; பல மாதிரிகளுக்குத் தினமும் சங்கிலியை இழுத்துவிடவும் வேண்டும். பிரெஞ்சுக் கருங்கல் கடிகாரம் கணப்படுப்பின் மேல் வைக்கச் செய்தது. நம் வீட்டு ஷோகேஸ் கண்ணாடித் தட்டு அதன் எடையைத் தாங்காது. உறுதியான மரப்பெட்டி மேல் வையுங்கள். நவீன வடிவ நாற்காலி, சோபா உள்ள வீட்டுக்கு 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம்தான் வேண்டும் என்பதில்லை. ஜார்ஜ் நெல்சன் அலுவலகம் 1940களின் இறுதியில் ஹோவர்ட் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த 'பால் கிளாக்', அதைத் தொடர்ந்து வந்த சூரியக் கதிர் வடிவங்கள் ஆகியவை அங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய மின்சாரக் கடிகாரங்களை அப்படியே பிளக்கில் செருகக் கூடாது. அவை 110 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட்டில் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாலும், அவற்றில் பல, மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவதை எண்ணி ஓடுபவை. இந்தியாவில் அலைவு 50 மட்டுமே. மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும்.

இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய அலாரம் கடிகாரங்கள் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த ஒளிர் வண்ணத்தில் ரேடியம் கலந்தார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி அந்த வண்ணத்தைத் தீட்டிய இளம்பெண்கள் தாடை எலும்பு அரித்தும் புற்றுநோய் வந்தும் மாண்டார்கள். தொழிலாளர் பாதுகாப்புச் சட்ட வரலாற்றில் அவர்கள் வழக்குக்குத் தனி இடம் உண்டு. இன்று அந்த எண்கள் ஒளிராமல் இருக்கலாம். ஒளிர்வது கந்தகம் கலந்த துத்தநாக உப்பு; அது தேய்ந்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டு. மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை தொல்லை குறைவு. திறந்து சுரண்டுவது, ஊதித் துடைப்பது, குழந்தைக்கு விளையாடக் கொடுப்பது எதுவும் கூடாது. அலங்காரத்துக்காக என்றால் அந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

பராமரிப்பு கடினமில்லை. எட்டு நாள் கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை, குறித்த ஒரு கிழமையில் சாவி கொடுப்பது நல்ல வழக்கம். அந்த ஒரு நாள் மிச்சம், மறந்தவருக்கான சலுகை. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் மெஷினில் விடாதீர்கள். கடிகாரத்துக்கென்றே உள்ள எண்ணெயை, தெரிந்தவர் குறித்த இடத்தில் ஒரு துளி மட்டும் வைப்பார். ஸ்பிரிங் சுற்றியிருக்கும் மெஷினைச் சுயமாகப் பிரிக்க வேண்டாம். விடுபட்டால் விரலைக் கிழிக்கும் வலு அதற்குண்டு. வீடு மாறும்போதும், கடையிலிருந்து கொண்டுவரும்போதும் பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்றி எடுத்து வாருங்கள். மாட்டியபடியே கொண்டுவந்தால் அதைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு முறிந்துவிடும். பெட்டிக்கு அடியில் மாவு போலத் தூள் உதிர்ந்தால் மரத்தில் வண்டு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவரும் முன் அதைத் தீர்த்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972, 100 ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. பாட்டன் வீட்டுக் கடிகாரத்தை விமானத்தில் எடுத்துப்போக நினைப்பவர்கள், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுவது பாதுகாப்பு.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. உங்கள் ஊரில் பெண்டுலக் கடிகாரத்தைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ரிப்பேர்காரர் யார் என்று கண்டுபிடியுங்கள். பேட்டரிக் கடிகாரம் வந்தபின் அந்தக் கை குறைந்துவிட்டது. இருப்பவர்களில் பலர் முதியவர்கள். வாங்கப் போகும் கடிகாரத்தின் படத்தை அவரிடம் காட்டி, உதிரி கிடைக்குமா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். இரண்டாவது, சொந்த ஊர் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பழைய துணி மூட்டைக்குப் பின்னால் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். சாவியும் பெண்டுலமும் தொலைந்திருந்தாலும் கவலையில்லை. சாவி அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பெண்டுலத்தை ரிப்பேர்காரர் நீளம் கணித்துச் செய்து தருவார்.